விளக்கு எல்லோர் முன்னாலும் வர வேண்டும்



சற்று நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். நமது பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் மீண்டும் கவியரங்குகள் தொடங்கியிருக்கும் இந்த நேரத்தில், பழைய சபை ஒன்றின் வரலாற்றைச் சொல்ல விரும்புகிறோம். அது உருதுக் கவிஞர்களின் முஷாயிரா. நமது மொழி அல்ல, நமது நாடும் அல்ல. ஆனாலும் கவிதை சொல்ல வருபவனை ஒரு சபை எப்படி நடத்த வேண்டும் என்பதை இருநூறு வருடங்களுக்கு மேலாக யோசித்து, சரியாகச் செய்தும் பிழையாகச் செய்தும் பார்த்தவர்கள் அவர்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது.

1782ஆம் ஆண்டளவில் டில்லியிலிருந்து லக்னோவுக்கு ஒரு கவிஞர் வந்து சேர்ந்தார். பெயர் மீர் தகீ மீர். வயது அறுபதை நெருங்கியிருந்தது. உருதுக் கஸலில் அவருக்கு மேலே ஒருவரை வைக்க இன்றைக்கும் ஆட்கள் தயங்குவார்கள். அவர் வந்த அன்றே ஊரில் ஒரு முஷாயிரா. கேள்விப்பட்டதும் சத்திரத்தில் மூட்டையை வைத்துவிட்டு நேரே அங்கே போனார். உடுப்பு பழைய டில்லிப் பாணியில் இருந்தது. பெரிய தலைப்பாகை, அகன்ற அங்கி, இடுப்பில் சுற்றிய துணி. லக்னோ அப்போது புது நாகரிகத்தின் தலைநகரம். அங்கிருந்த இளைஞர்கள் அவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்கள். மீர் ஒன்றும் பேசாமல் ஒரு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பாடும் முறை அவருக்கு வந்து, விளக்கு அவர் முன்னால் வைக்கப்பட்டபோது, ஐயா எந்த ஊர் என்று சிலர் கேட்டார்கள். ஒரு காலத்தில் உலகமே வியந்த டில்லி இப்போது பாழாகிக் கிடக்கிறது, அந்த ஊர்க்காரன் நான் என்ற பொருள்பட அவர் கவிதையிலேயே பதில் சொன்னார். சிரித்தவர்கள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

இந்தக் கதையை எழுதி வைத்தவர் முஹம்மத் ஹுஸைன் ஆஸாத். 1880இல் வெளிவந்த அவருடைய ‘ஆபே ஹயாத்’ என்ற நூல் உருதுக் கவிஞர்களின் முதல் பெரிய வரலாறு. சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்குச் சுமார் நூறு வருடம் கழித்து எழுதப்பட்டது. ஆஸாதின் கதைகள் பலவற்றைப் போல இதையும் பிற்கால ஆய்வாளர்கள் சந்தேகத்துடன்தான் பார்க்கிறார்கள். நடந்ததோ இல்லையோ, கதை மட்டும் சாகவில்லை. அதற்குக் காரணம், அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் தெரிந்த சிரிப்பு.

புத்தளம் மாவட்டத்தில் இருக்கும் நமக்கு அது நன்றாகவே தெரியும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, கையில் கிடைத்ததோடு நம்மிடம் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நமது வகுப்பறைகளில் இருக்கிறார்கள். மன்னார்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் கற்பிட்டிப் பேச்சும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருக்கின்றன. மேடையில் ஏறிய பிள்ளையின் ஒரு சொல்லைக் கேட்டுச் சபையின் பின்வரிசை சிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அறிவிப்பாளரே அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கேலி செய்ததையும் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் பெயர் கொடுப்பதில்லை. சண்டை பிடிப்பதில்லை, முறைப்பாடு செய்வதுமில்லை. வராமல் விட்டுவிடும், அவ்வளவுதான். ஒரு கவிதைச் சபைக்கு ஏற்படும் நட்டம் பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் ஏற்படுகிறது.

ஒரு வீட்டில் தொடங்கியது

மீர் லக்னோவுக்குப் போகுமுன், டில்லியில் அவர் பழகிய சபை வேறு மாதிரியானது. 1739இல் நாதிர் ஷா டில்லியைச் சூறையாடினான். அதன் பின் அஹ்மத் ஷா அப்தாலியின் படையெடுப்புகள். நகரம் மீண்டும் மீண்டும் இரத்தம் சிந்தியது. அந்தக் காலத்தில் க்வாஜா மீர் தர்த் என்ற சூஃபிக் கவிஞரின் வீட்டில் மாதாந்தம் 15ஆம் நாள் கவிஞர்கள் கூடினார்கள். பின்னர், தர்த் கேட்டுக்கொண்டபடி, அந்தக் கூட்டம் இளைஞரான மீரின் வீட்டுக்கு மாறியது. மீரே 1752இல் எழுதிய ‘நிகாதுஷ் ஷுஅரா’ என்ற நூலில் இதைக் குறிப்பிடுகிறார்.

அப்போது முஷாயிரா என்றால் பாரசீகக் கவிதைக்கான சபை. உருது அன்று ‘ரேக்தா’ எனப்பட்டது. மரியாதைக்குரிய மொழி பாரசீகம், வீட்டில் பேசும் மொழி இது. ஆகவே ரேக்தாக் கவிதைக்கான கூட்டத்துக்கு ‘முராக்தா’ என்று வேறு பெயர் வைத்திருந்தார்கள். வீட்டுப் பேச்சிலும் கவிதை எழுதலாம் என்ற நம்பிக்கையே அந்தச் சிறிய கூட்டத்தில் வளர்ந்ததுதான். மூத்தவர் ஒருவர் தன் வீட்டுச் சபையை இளையவர் ஒருவரிடம் மனமுவந்து ஒப்படைத்ததையும் கவனிக்க வேண்டும். தர்த் அதைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நல்ல மனத்தை நம்பி விடவில்லை

முஷாயிராவில் மரியாதையை ஆட்களின் நல்ல மனத்தை நம்பி விட்டுவிடவில்லை. அதைப் பழக்கங்களாகக் கட்டி வைத்தார்கள். ஒவ்வொரு பழக்கத்துக்குள்ளும் ஒரு காரணம் இருக்கிறது.

முதலாவது, ஒழுங்குமுறை. இளையவர் முதலில் பாடுவார், ஆசான்கள் கடைசியில் பாடுவார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது மூத்தவருக்குக் கொடுக்கும் கௌரவம். உண்மையில் இளையவருக்குத்தான் இதனால் பெரிய இலாபம். ஊரே கேட்கக் காத்திருக்கும் கவிஞர் கடைசியில் பாடுவதால், அவரும் அவரைக் கேட்க வந்தவர்களும் தொடக்கத்திலிருந்தே உட்கார்ந்திருக்க வேண்டும். முதன்முதலாகப் பாடும் பதினாறு வயதுப் பையனுக்கு நிறைந்த சபை கிடைத்துவிடுகிறது. நம்மிடம் என்ன நடக்கிறது? பிரதம அதிதி பேசி முடிந்ததும் முன்வரிசை எழுந்து போய்விடும். பிள்ளைகள் வெறுங் கதிரைகளுக்குக் கவிதை படிப்பார்கள்.

இரண்டாவது, ‘ஷமா’ என்ற விளக்கு. விளக்கு யார் முன்னால் இருக்கிறதோ அவர் மட்டுமே பாடுவார். மற்றவர்கள் கேட்பார்கள். அது சபையைச் சுற்றி வரும். அரச குடும்பத்தவர் முன்னால் வந்த அதே விளக்குத்தான் பெயர் தெரியாதவர் முன்னாலும் வரும்.

மூன்றாவது, ‘தரஹ்’. அடுத்த சபைக்கான ஒரு வரியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அதே சந்தத்தில், அதே எதுகை முடிவில் எல்லோரும் கஸல் எழுதிவர வேண்டும். நமது பக்கத்தில் ஈற்றடி கொடுத்துப் பாடச் சொல்வது போன்றது இது. புதியவனுக்கு எங்கிருந்து தொடங்குவது என்ற பயம் இருக்காது. பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே தடைதான். நீ எதைப் பற்றி எழுதினாய், உன் வாப்பா யார் என்ற கேள்விகளெல்லாம் பின்னுக்குப் போய், கிடைத்த வரியை வைத்து நீ என்ன செய்தாய் என்பது மட்டும் முன்னுக்கு வரும்.

நான்காவது, ‘தாத்’. அதாவது பாராட்டு. கஸலின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு அடிகள். கவிஞர் முதலடியைச் சொன்னதும் கேட்பவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அவர் மீண்டும் சொல்வார். இரண்டாம் அடி எப்படி வரப்போகிறது என்று சபை காத்திருக்கும். நன்றாக வந்தால் ‘வாஹ் வாஹ்’, ‘ஸுப்ஹானல்லாஹ்’. இன்னொரு முறை வேண்டுமென்றால் ‘முகர்ரர்’. கவிஞர் கையை உயர்த்தி ‘ஆதாப்’ என்று நன்றி தெரிவிப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கவிஞருக்குக் காட்டும் வழி இது. ஒருவருடைய அடியைத் திருப்பிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அதைச் சரியாகக் கேட்டிருக்க வேண்டும் அல்லவா.

ஐந்தாவது, ‘இஸ்லாஹ்’. திருத்தம். ஒவ்வொரு புதியவருக்கும் ஓர் ஆசான் இருப்பார். கவிதை சபைக்கு வருமுன் ஆசானின் கண்ணில் படும். பிழையான சொல் அங்கேயே வெட்டப்படும், சில வேளை முழுக் கண்ணியும் போய்விடும். வெட்டு விழுவது தனியே. சபையில் விழுவது பாராட்டு அல்லது மௌனம். முஷாயிராவில் ஆட்சேபணைகளே எழவில்லை என்று சொல்லவில்லை. எழுந்திருக்கின்றன, கடுமையாகவே எழுந்திருக்கின்றன. ஆனால் கற்பித்தலுக்கான இடம் வேறாக இருந்தது.

ஒழுங்கு உடைந்தபோது

இவ்வளவும் இருந்தும் சபை உடைந்த கதை ஒன்று உண்டு. 1790களில் லக்னோவில் நடந்தது. முகலாய மன்னர் ஷா ஆலமின் மகன் மிர்ஸா ஸுலைமான் ஷிகோஹ் அங்கே வாழ்ந்தார். கவிஞர்களை ஆதரித்தார். குலாம் ஹம்தானி முஸ்ஹஃபீ அவருடைய கவிதைகளைத் திருத்தும் ஆசானாக இருந்தார். பின்னர் ஸையித் இன்ஷா அல்லாஹ் கான் இன்ஷா வந்து சேர்ந்தார். கூர்மையான புத்தி, அதைவிடக் கூர்மையான நாக்கு. இளவரசரின் பார்வை அவர் பக்கம் திரும்பியது.

ஆஸாத் சொல்கிறபடி, சண்டை ஒரு கஸலில் பயன்பட்ட சொற்கள் சரியா பிழையா என்பதில்தான் தொடங்கியது. அது நியாயமான கேள்வி. ஆனால் பதில் சொல் பற்றி வரவில்லை, ஆளைப் பற்றி வந்தது. அதற்குப் பதில் இன்னும் கீழே இறங்கியது. பிறகு மாணவர்கள் உள்ளே வந்தார்கள். முஸ்ஹஃபீயின் மாணவர்கள் வசைக்கவி எழுதி, அதைப் பாடிக்கொண்டு தெருவில் ஊர்வலமாக இன்ஷாவின் வீட்டுக்குப் போனார்கள். இன்ஷா அவர்களை உட்காரவைத்து, உபசரித்து, தன்னைப் பற்றிய வசையையே கேட்டுப் பாராட்டி அனுப்பினாராம். அடுத்து அவருடைய பக்கத்திலிருந்து அதைவிடப் பெரிய ஊர்வலம் புறப்பட்டது. யானைகளும் வந்தன. ஒருவர் கையில் இரண்டு பொம்மைகள். ஒன்று முஸ்ஹஃபீ, மற்றது அவருடைய மனைவி. இரண்டையும் சண்டை பிடிக்க விட்டு ஊரைச் சிரிக்க வைத்தார்கள்.

ஊரும் நன்றாகச் சிரித்தது. நாம் கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். கவிஞர்கள் இருவர் மோதினால் கூட்டம் சேரும், சேர்ந்த கூட்டத்தைப் பார்த்து இருவருக்கும் இன்னும் சூடேறும். வீட்டுக்குள் இருந்த ஒரு பெண், கவிதை ஒன்றும் எழுதாதவள், தெருவில் பொம்மையாக்கப்பட்டாள். அவள் பெயர்கூட நமக்கு வரவில்லை.

இந்த இருவரும் சாதாரண ஆட்கள் அல்லர். இன்ஷா 1808இல் ‘தர்யாயே லதாஃபத்’ என்ற நூலில் உருதுவின் இலக்கணத்தை எழுதியவர். அரபு, பாரசீகச் சொற்களைத் தவிர்த்து முழுக் கதை ஒன்றை எழுதிக் காட்டியவர். முஸ்ஹஃபீ எட்டு உருதுத் தீவான்களை விட்டுச் சென்றவர், பிற கவிஞர்களின் வாழ்க்கையைப் பதிந்து வைத்தவர். ஆனால் இவர்கள் பெயரை எடுத்தால் சாதாரண வாசகனுக்கு முதலில் நினைவு வருவது அந்த ஊர்வலம்தான்.

எதிரி இல்லாத ஊரில்

முஸ்ஹஃபீயின் மாணவர்களில் ஒருவர் க்வாஜா ஹைதர் அலீ ஆதிஷ். அவருக்கும் லக்னோவிலேயே ஒரு போட்டியாளர் இருந்தார், இமாம் பக்ஷ் நாஸிக். நாஸிக் சொல்லைச் செதுக்கியவர், மொழியின் சுத்தத்துக்குக் காவல் நின்றவர். ஆதிஷின் வழி வேறு. நகரம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. கவிதையிலே ஒருவரை ஒருவர் குத்திக்கொண்டதும் உண்டு.

1838இல் நாஸிக் இறந்தார். ஆஸாத் எழுதுகிறார்: அந்தச் செய்தியைக் கேட்டு ஆதிஷ் அழுதார், அதன் பின் கவிதை எழுதுவதையே விட்டுவிட்டார். சொல்லும் சுவை, கேட்பதற்கு அவர் இருந்தவரைதான் என்ற மனநிலை. இதிலும் ஆஸாதின் கைவண்ணம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எழுதிப் பார்த்த யாருக்கும் இதன் உண்மை விளங்கும். நம்மை நன்றாகக் கேட்பவர் பெரும்பாலும் நமது நண்பர் அல்லர். எங்கே பிடிக்கலாம் என்று ஒவ்வொரு சொல்லையும் உற்றுக் கேட்கும் போட்டியாளர்தான். அவரை ஊரை விட்டுத் துரத்திவிட்டு நாம் யாருக்கு எழுதப் போகிறோம்?

டில்லிச் செங்கோட்டையிலும் இப்படி ஒரு போட்டி இருந்தது. மன்னர் பஹாதுர் ஷா ஸஃபரின் கவிதை ஆசான் ஸௌக். வெளியே நின்றவர் மிர்ஸா காலிப். 1852இல் இளவரசர் ஜவான் பக்தின் திருமணத்துக்கு காலிப் ஒரு வாழ்த்துக் கவிதை எழுதினார். அதன் கடைசிக் கண்ணி ஸௌக்கைக் குத்துவதாக மன்னர் நினைத்தார். ஸௌக்கும் ஒரு வாழ்த்தை எழுதிப் பதில் கொடுத்தார். விஷயம் முற்றும் போலிருந்தபோது, யாரையும் குறிவைத்து எழுதவில்லை என்று காலிப் கவிதையிலேயே விளக்கமும் மன்னிப்பும் எழுதி அனுப்பினார். அந்த விளக்கத்துக்குள்ளும் காலிபின் குறும்பு இருந்தது என்பார்கள். இருக்கட்டும். யானை வரவில்லை, பொம்மை வரவில்லை. சண்டை கவிதைக்குள்ளே தொடங்கி கவிதைக்குள்ளே முடிந்தது. 1854இல் ஸௌக் இறந்ததும் ஆசானின் இடம் காலிபுக்குக் கிடைத்தது.

தபாலில் போன திருத்தம்

காலிபின் மாணவர்களில் அவருக்கு மிகவும் பிரியமானவர் முன்ஷி ஹர்கோபால் தஃப்தா. இந்து. பாரசீகத்தில் எழுதியவர். காலிப் அவரை அன்போடு ‘மிர்ஸா தஃப்தா’ என்றுதான் அழைப்பார். தஃப்தா வெளியூரிலிருந்து கவிதைகளைத் தபாலில் அனுப்புவார். காலிப் திருத்தித் திருப்பி அனுப்புவார். இந்தச் சொல் ஏன் இங்கே நிற்காது, பாரசீகப் பெருங்கவிஞர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள், இந்த உவமை ஏன் சரியில்லை என்றெல்லாம் கடிதங்களில் விளக்கம் இருக்கும். இடையில் பகிடி இருக்கும், கோபம் இருக்கும், காசுக் கஷ்டம் பற்றிய புலம்பலும் இருக்கும்.

அந்தக் கடிதங்கள் 1868இல் ‘ஊதே ஹிந்தி’ என்றும், 1869இல் அவர் இறந்த கையோடு ‘உர்தூயே முஅல்லா’ என்றும் தொகுக்கப்பட்டன. உருது உரைநடைக்கு இன்றும் அவைதான் அழகு. ஒரு மாணவனைப் பிறர் முன்னால் தலைகுனிய வைக்காமல் திருத்துவது எப்படி என்று நமது கலாசாலையில் எத்தனையோ விரிவுரை கேட்டிருப்போம். அந்த விரிவுரைகளெல்லாம் சொல்ல முயன்றதை இந்தக் கடிதங்களில் காணலாம். மரியாதை என்பது எல்லாவற்றுக்கும் ‘அருமை, அருமை’ என்று சொல்வது அல்ல. காலிப் அப்படிச் சொல்லவே மாட்டார். பிழையைப் பிழை என்றுதான் எழுதினார். ஆனால் எழுதியது மாணவனுக்கு. ஊருக்கு அல்ல.

விளக்கு வராத இடங்கள்

இதுவரை சொன்னதை வைத்து முஷாயிராவை ஒரு சொர்க்கமாக நினைத்துவிடக் கூடாது. விளக்கு எல்லோர் முன்னாலும் வந்தது உண்மை. ஆனால் சபைக்குள் வந்தவர்கள் முன்னால் மட்டும்தான் வந்தது.

ஆக்ராவில் நஸீர் அக்பராபாதி என்று ஒரு கவிஞர் இருந்தார். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சீவித்தவர். நமது தொழில்தான். 1830இல் இறந்தார். ரொட்டியைப் பற்றி எழுதினார், பட்டத்தைப் பற்றி, கரடிக் குட்டியைப் பற்றி எழுதினார். பெருநாளைப் பாடினார், ஹோலியையும் தீபாவளியையும் பாடினார். ‘ஆத்மி நாமா’ என்ற கவிதையில் அரசனும் மனிதன்தான், ஏழையும் மனிதன்தான், பள்ளிவாசலில் தொழுபவனும் அவர்களின் செருப்பைத் திருடுபவனும் மனிதன்தான் என்று அடுக்கிக்கொண்டு போனார். கடைத்தெருவில் அவர் கவிதை எல்லோர் வாயிலும் இருந்தது. அதுவே அவருக்குக் குற்றமாகிவிட்டது. நவாப் ஷேஃப்தா போன்ற இரசிகர்கள் கவிஞர் வரலாறு எழுதியபோது, கடைத்தெரு ஆட்கள் பாடும் கவிதைக்காரரைக் கவிஞர் வரிசையில் வைக்க இயலாது என்ற கருத்தில் ஒதுக்கினார்கள். அவரை மதித்து மேலே வைக்க வெகுகாலம் சென்றது. 1954இல் ஹபீப் தன்வீர் ‘ஆக்ரா பஸார்’ என்ற நாடகத்தை அவரைச் சுற்றி அமைத்தார். அந்த நாடகத்தில் நஸீர் மேடைக்கே வருவதில்லை. அவருடைய கவிதைகளைத் தெருக்காரர்கள் பாடிக்கொண்டிருப்பார்கள்.

பெண்களின் நிலை இன்னும் கஷ்டம். அவர்கள் எழுதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தக்காணத்து ஹைதராபாதில் லுத்ஃபுன்னிஸா இம்தியாஸின் தீவான் 1797இலும், மஹ் லகா பாய் சந்தாவின் தீவான் 1798இலும் தொகுக்கப்பட்டுவிட்டன. 1864இல் ஹகீம் ஃபஸீஹுத்தீன் ரன்ஜ் என்பவர் பெண் கவிஞர்களுக்கென்றே ‘பஹாரிஸ்தானே நாஸ்’ என்ற வரலாற்றுத் தொகுப்பை வெளியிட்டார். ஆனால் ஆண்கள் கூடும் முஷாயிராவில் கண்ணியமான வீட்டுப் பெண்ணுக்கு இடம் இல்லை. இருபதாம் நூற்றாண்டிலும் அலிகர் பக்கத்து ஸாஹிதா காதூன் ஷெர்வானி தன் பெயரைப் போட முடியாமல் ‘ஸே, கே, ஷீன்’ என்று முதலெழுத்துகளை மட்டும் போட்டுச் சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 1922இல், முப்பது வயதைக் காணாமலே இறந்துவிட்டார்.

முதலெழுத்தோடு எழுதும் பிள்ளைகள் நமது ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ்ப் பாடப் பயிற்சிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதிவிட்டு, “சேர், பெயர் சொல்லாதீங்க” என்று கேட்கும் பிள்ளைகள். அவர்கள் கவிதைக்குப் பயந்து பெயரை மறைக்கவில்லை. கவிதைக்குப் பிறகு வரும் பேச்சுக்குப் பயந்து மறைக்கிறார்கள்.

1857க்குப் பின்

1857இல் டில்லி மீண்டும் வீழ்ந்தது. கோட்டைச் சபை அத்தோடு முடிந்தது. மன்னர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டார். பத்திரிகையாசிரியர் மௌலவி முஹம்மத் பாகிரை ஆங்கிலேயர் கொன்றார்கள். அவருடைய மகன்தான் நாம் முன்னே சொன்ன ஆஸாத். ஸௌக்கின் மாணவர். குடும்பத்தோடு வீட்டை விட்டு ஓட வேண்டி வந்தபோது, மற்றச் சாமான்களை விட்டுவிட்டு ஆசானின் கஸல்கள் இருந்த கட்டைத் தூக்கிக்கொண்டு போனதாக அவரே எழுதியிருக்கிறார். ஆசான் இறந்து மூன்று வருடமாகிவிட்டது. கேட்க யாரும் இல்லை. ஆனாலும் தூக்கினார். தனியே இருத்தித் திருத்தித் தந்த ஆசானுக்கு மாணவன் செலுத்திய கடன் அது.

அதே ஆஸாத் 1874இல் லாஹூரில் புது வகை முஷாயிரா ஒன்றைத் தொடங்கினார். அன்ஜுமனே பன்ஜாப் என்ற சங்கத்தின் பேரில், ஆங்கிலேயக் கல்விப் பணிப்பாளர் ஹோல்றொய்டின் ஆதரவோடு நடந்தது. தரஹ் வரிக்குப் பதிலாகத் தலைப்புக் கொடுத்தார்கள். மழை, குளிர்காலம், நம்பிக்கை, நாட்டுப்பற்று, நீதி என்று. அல்தாஃப் ஹுஸைன் ஹாலீ அங்கே நான்கு நீண்ட கவிதைகளைப் படித்தார். அவை உருதுவில் ஒரு புது வழியைத் திறந்தன. அரசாங்கத்தின் நோக்கம் பாடப்புத்தகத்துக்கு ஏற்ற கவிதை தேடுவது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பழைய வழிக்காரர்களிடமிருந்து ஆஸாதுக்குக் கடுமையான கண்டனங்கள் வந்தன. ஒரு வருடத்துக்குள் அந்தச் சபை நின்றுவிட்டது. நின்ற பிறகும் தலைப்புக் கவிதை நிலைத்துவிட்டது. இன்று நமது தமிழ்த்தினப் போட்டியில் தலைப்புக் கொடுத்துக் கவிதை எழுதச் சொல்லும்போது, ஹாலீ உட்கார்ந்திருந்த அந்தச் சபையை நாம் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

நமது சபைக்கு

இனி நமது விஷயத்துக்கு வருவோம். வரும் கவியரங்குகளை நடத்தப்போகும் பெரியவர்களிடமும் சக ஆசிரியர்களிடமும் நாம் கேட்பது சிலதுதான்.

பிள்ளைகளை முதலில் பாட விடுங்கள். அதிதிகளின் உரையைக் கடைசிக்கு வையுங்கள். பெரியவர்கள் தொடக்கத்திலிருந்தே இருக்கட்டும். தலைப்பையோ ஈற்றடியையோ இரண்டு கிழமைக்கு முன்பே அறிவியுங்கள். படிக்கப் போகும் பிள்ளைக்கு முன்கூட்டியே திருத்தம் சொல்ல ஒரு ஆசிரியரை ஒழுங்கு செய்யுங்கள். சபையில் வைத்துப் பிழை பிடிப்பதற்கு அப்போது தேவை இருக்காது. கருத்துச் சொல்வதாக இருந்தால் அடியை எடுத்துச் சொல்லிவிட்டு அதைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளையின் பேச்சு, ஊர், உடுப்பு, குடும்பம் எதுவும் கருத்துக்குள் வர வேண்டாம். மன்னார்ச் சொல் புத்தளத்துக் காதுக்குப் புதிதாக இருந்தால் அதை ஒரு புதுச் சொல்லாகப் படித்துக்கொள்வோம். யாராவது சிரித்தால், தலைவர் கவிதையை நிறுத்தி, அந்தப் பிள்ளையை முதலிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும். தலைவருக்கு அந்தக் கதிரை கொடுக்கப்பட்டிருப்பது அதற்காகத்தான்.

பெண் பிள்ளைகளின் நேரத்தையும் பாருங்கள். இஷாவுக்குப் பிறகு வைக்கும் கவியரங்குக்கு அவர்களை அழைத்தோம், வரவில்லை என்று சொல்வதில் அர்த்தமில்லை. பின்னேரம் வையுங்கள், வருவார்கள். தலைமைக் கதிரையிலும் ஒரு ஆசிரியையை இருத்திப் பாருங்கள்.

போட்டி இருக்கட்டும். இரண்டு பேர் மாறி மாறிக் கவிதையில் மோதிக்கொள்வதில் பிழையில்லை, அதுவும் ஒரு சுவைதான். கவிதையை விட்டு மோதல் வெளியே காலெடுத்து வைக்கும்போது மட்டும் நாம் கைதட்டுவதை நிறுத்திவிடுவோம். லக்னோவில் பொம்மையைத் தூக்கியவன் ஒருவன்தான். அவனை யானைமேல் ஏற்றி வைத்தது வேடிக்கை பார்த்த ஊர்.

அடுத்த மாதம் நமது பாடசாலையிலும் ஒரு கவியரங்கு இருக்கிறது. முதன்முதலாகப் படிக்க ஏழு பிள்ளைகள் பெயர் தந்திருக்கிறார்கள். அவர்களில் இருவர் முதலெழுத்து மட்டும்தான் எழுதியிருக்கிறார்கள். திகதியை நிச்சயித்ததும் அறிவிப்போம். வாருங்கள், கொஞ்சம் முந்தியே வாருங்கள்.